இரைச்சல் கேட்டு வந்தவர்கள்

பேட்டை தொழிற்பேட்டையில், நமச்சிவாயம் அண்ணாச்சியின் லேத் பட்டறைக்கும் ஒரு டயர் கடைக்கும் நடுவில் இருக்கிறது என் கடை. கார்களுக்கு ஆடியோ மாட்டுவதும், மாட்டியது மக்கர் செய்தால் சரிசெய்வதும் தொழில். பலகையில் ‘தஸ்மியா கார் ஆடியோ’ என்று என் பெயர்தான் இருக்கிறது. ஆனாலும் வருகிறவர்களில் பாதிப் பேர் என்னைப் பார்த்துவிட்டு, என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, கடைக்காரர் இல்லையா என்று கேட்பார்கள். எந்தக் கடைக்காரர் என்று நான் திருப்பிக் கேட்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வேலை சுத்தம் என்பதால் ஊர் பொறுத்துக்கொள்கிறது.

சுத்தம் என்று நான் சொல்வது இதைத்தான்: பாட்டை நிறுத்தினால் வண்டிக்குள் ஊஃபர் என்கிற பெரிய ஸ்பீக்கர் ஒன்று இருப்பதே தெரியக் கூடாது. சில கடைகளில் மாட்டிய வண்டிகளில் பாட்டு நின்ற பிறகும் பின்னால் ஏதோ வண்டு அடைபட்டது போல இரைந்துகொண்டே இருக்கும். அப்படியொரு வண்டி பதினோரு வருடத்தில் என் கடையை விட்டு வெளியே போனதில்லை. இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில் பெருமாள்ராஜ் வந்தான். ஏரல் ஸ்டாண்டில் வாடகைக் கார் ஓட்டுகிறவன். இருபத்தெட்டு வயது இருக்கும், கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய் நாற்பது மாதிரி இருந்தான். சத்தத்தைக் கூட்டினால், ஊஃபரை ஓட்டுகிற ஆம்ப் பெட்டி சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டுப் படுத்துவிடுகிறதாம். ஊஃபரில் அடி கேட்கவில்லை, தகரத்தைத் தட்டினாற்போல இருக்கிறதாம். சவாரி வரும் இளவட்டங்கள் கேலி செய்கிறார்கள் என்றான்.

இஞ்சினை ஓட விடச் சொன்னேன். பாட்டே போடவில்லை, அதற்குள் டிக்கியிலிருந்து ‘ம்ம்ம்ம்’ என்று ஒரு இரைச்சல். எனக்கு உச்சந்தலைக்கு ஏறியது. இதைப் பற்றி ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“அது ஆயுத பூசையில இருந்தே கெடக்குக்கா. ஒண்ணும் செய்யல. அது கெடக்கட்டும், அடி மட்டும் வந்தாப் போதும்” என்றான்.

கிடக்கட்டுமாம். ஒழுகுகிற கூரைக்குக் கீழே பாயை நகர்த்திப் போட்டுப் படுக்கிற ஜாதி இது என்று நினைத்துக்கொண்டேன். அங்கேதான் நான் தப்புச் செய்தேன் என்பது மூன்று நாள் கழித்துத் தெரிந்தது.

மின்சாரம் அளக்கும் மீட்டரை எடுத்தேன். பேட்டரி நன்றாக இருந்தது. பேட்டரியிலிருந்து ஆம்ப்புக்கு வரும் சிவப்பு ஒயரும் சரி. ஆம்ப்பிலிருந்து வண்டியின் உடம்புக்குப் போகிற கறுப்பு ஒயர், அதாவது எர்த், அதில்தான் கோளாறு. வந்த மின்சாரம் திரும்பிப் போக வழியில்லாமல் முட்டிக்கொண்டு நின்றது. டிக்கி விரிப்பைத் தூக்கி, எர்த் பூட்டியிருந்த போல்ட்டைக் கழற்றிப் பார்த்தால், ஒயர் முனைக்கும் தகரத்துக்கும் நடுவே மஞ்சளாக ஏதோ காய்ந்து போயிருந்தது. விரலால் தொட்டு மோந்து பார்த்தேன். சந்தனம். அதன் நடுவில் குங்குமம்.

விசாரித்தேன். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் டிக்கியைக் கழுவுவதற்காகக் கறுப்பு ஒயரை அவனே கழற்றியிருக்கிறான். பூஜையன்று ஸ்டியரிங், மீட்டர், நான்கு சக்கரம், ஜாக்கி, ஸ்பேனர் என்று ஒன்று விடாமல் பொட்டு வைத்தவன், அந்த போல்ட்டுக்கு மட்டும் வைக்காமல் விட்டால் குறையாகிவிடும் என்று அதற்கும் வைத்திருக்கிறான். பிறகு பொட்டு அழியாமல் இருக்க, அதன் மேலேயே ஒயரை வைத்து இறுக்கிவிட்டான். இத்தனை பக்தியாக ஒரு எர்த்தைக் கெடுத்த ஆளை நான் பார்த்ததில்லை.

சாமிக்கு வைத்ததை நான் சுரண்ட மாட்டேன், நீயே எடு என்றேன். ஈரத்துணியால் துடைத்து, துணியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கால்படாத இடமாகப் பார்த்து வேப்பமரத்தடியில் வைத்துவிட்டு வந்தான். அதன் பிறகு நான் உப்புத்தாள் போட்டுத் தகரம் பளிச்சென்று வரும்வரை தேய்த்து, புது முனை போட்டு இறுக்கினேன். அதோடு விட்டிருக்கலாம். பாட்டுச் சத்தத்தைக் கொண்டுவருகிற மெல்லிய ஒயர், கனத்த சிவப்பு ஒயரோடு பின்னிக்கொண்டு கிடந்தது. ஒன்றின் இரைச்சல் இன்னொன்றில் ஏறுவதற்கு அது போதும். பழைய ஒயரைத் தூர எறிந்துவிட்டு, நல்ல ஒயராகப் போட்டு, வண்டியின் மறுபக்கமாக இழுத்து விட்டேன். அவன் கேட்காத வேலை. அவன் அதற்குக் காசு தரவும் வேண்டாம் என்றேன்.

பாட்டைப் போட்டதும் கதவுக் கண்ணாடி அதிர்ந்தது. நிறுத்திவிட்டு, இஞ்சின் ஓடும்போதே, இப்போது என்ன கேட்கிறது என்று கேட்டேன். ஒன்றும் கேட்கவில்லை என்றான். அதற்குப் பெயர்தான் வேலை என்று சொல்லி அனுப்பி வைத்தேன். அன்று மத்தியானம் சோறு எனக்கு இரண்டு கை கூடுதலாகவே இறங்கியது.

மூன்றாம் நாள் காலை பத்து மணி. தெருமுனையிலிருந்தே ஒரு பிள்ளையின் அழுகை கேட்டது. லேத் ஓடுகிற சத்தத்தையும் தாண்டிக் கேட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பெருமாள்ராஜின் கார் வந்து நின்றது. பின் சீட்டிலிருந்து ஒரு பெண் பிள்ளையோடு இறங்கினாள். அவன் மனைவி சுகன்யா. தலையைச் சீவி இரண்டு நாளாவது ஆகியிருக்கும். ஆம்ப் போய்விட்டது போலிருக்கிறது என்று நான் மனதைத் தயார் செய்துகொண்டு எழுந்தேன்.

“நீங்கதான் தஸ்மியாக்காவா? எங்க வண்டிய என்ன செஞ்சிய?” என்றாள்.

என்ன செய்தேனா? சரி செய்தேன். அதைச் சொன்னதும் அவள் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. பெருமாள்ராஜ்தான் பைய எல்லாவற்றையும் சொன்னான்.

பிள்ளைக்கு நான்கு மாதம். பெயர் பலவேசம். சாமிக்கு நேர்ந்துகொண்டு வைத்த பெயராம். இரண்டு கைக்குள் அடங்குகிற பிள்ளைக்கு அந்தப் பெயர் பத்து வயதில்தான் பொருந்தும் போலிருந்தது. ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டான். நாற்பத்தொரு நாள் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்து, அப்புறம்தான் வீட்டுக்கு வந்தான். வந்த நாளிலிருந்து உறக்கம் கிடையாது. தொட்டிலில் போட்டால் அழுகை, மடியில் போட்டால் அழுகை, தோளில் போட்டால் அதைவிட அழுகை. கால்மணி நேரம் கண்மூடினால் பெரிய காரியம். ஆயுத பூஜைக்கு மறுநாள் தற்செயலாக அவனைக் காரில் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். பின் சீட்டில் துணி விரித்துப் போட்டிருந்தவன், தெரு தாண்டுவதற்குள் உறங்கிவிட்டான். அன்றிலிருந்து தினமும் மத்தியானம் ஏரலிலிருந்து ஆற்றோரச் சாலையாகவே தென்திருப்பேரை வரை போய்த் திரும்பி வருவதும், பிள்ளை அந்த நேரம் முழுக்க உறங்குவதும் வழக்கமாகிவிட்டது. அந்த உறக்கத்தை வைத்துத்தான் பிள்ளையும் தேறியிருக்கிறது, பெற்றவர்களும் பிழைத்திருக்கிறார்கள்.

நான் வண்டியைச் சரிசெய்த மறுநாள் பிள்ளை உறங்கவில்லை. தென்திருப்பேரையைத் தாண்டி ஆழ்வார்திருநகரி வரை போயும் உறங்கவில்லை. ரோடு சரியில்லையோ என்று வேறு ரோட்டில் போனார்கள். கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்கள், ஏற்றிப் பார்த்தார்கள். திருஷ்டி என்று மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டார்கள். கடைசியில் சுகன்யாதான் கண்டுபிடித்தாள். வண்டிக்குள் முன்பு ஒரு முனகல் இருந்தது, இப்போது இல்லை.

“அந்தச் சத்தத்தத் திரும்ப வச்சுத் தாங்கக்கா” என்றாள்.

நன்றாக இருந்த வண்டியைக் கெடுத்துத் தா என்று என்னிடம் வந்து நிற்கிறாள். தையல்காரனிடம் போய்ச் சட்டையைக் கிழித்துக் கொடு என்பதைப் போல. வாயில் வந்ததைச் சொல்லத்தான் போனேன். அவளே முந்திக்கொண்டாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, ஏதோ ஊரில் நடந்ததைச் சொல்வது போலச் சொன்னாள்.

“ஒரு நாளுகூட எம்மடியில உறங்குனது இல்லக்கா. நான் தூக்குனாத்தான் இன்னும் கூட அழுவான். பெத்தவளுன்னு என்னய அவனுக்குத் தெரியல.”

பெருமாள்ராஜ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். இதை அவன் முதல் தடவையாகக் கேட்கவில்லை என்பது தெரிந்தது. என் வாய் தானாக மூடிக்கொண்டது. அது லேசில் நடக்கிற விஷயம் இல்லை.

வண்டியை, புகைக் குழாய் தெருவைப் பார்க்கும்படி நிறுத்தச் சொல்லிவிட்டு டிக்கியைத் திறந்தேன். எர்த்தைத் திரும்பக் கெடுக்க முடியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். கெட்ட எர்த் சூடேறும், பிள்ளையை வைத்துக்கொண்டு அந்த விளையாட்டெல்லாம் ஆகாது. பொட்டு வைத்தால் வருமா என்று பெருமாள்ராஜ் கேட்டான். வைத்துப் பாரு, ஸ்பேனராலேயே போடுவேன் என்றேன். அப்படியானால் மீதி இருப்பது பாட்டு ஒயர் ஒன்றுதான். சுற்றுக்கவசம் அறுந்த மோசமான ஒயராகப் பார்த்துப் போட்டு, சிவப்பு ஒயரோடு ஒட்டி இழுத்தால் இரைச்சல் வரும். ஆபத்தில்லாத இரைச்சல்.

பதினோரு வருடமாக மோசம் என்று நான் கழித்துப் போட்ட ஒயரெல்லாம் மூலையில் ஒரு சாக்கில் கிடந்தது. இருப்பதிலேயே மோசமானது எது என்று அன்றைக்கு உட்கார்ந்து தேடினேன். என் கையாலேயே. பெருமாள்ராஜிடமிருந்து கழற்றி எறிந்த ஒயர் கிடைக்கவில்லை, பழைய இரும்புக்காரன் வாரிக்கொண்டு போயிருந்தான். மூன்றைப் பொறுக்கினேன். வழக்கமாக வேலை சரியா என்று எனக்குச் சொல்வது மீட்டர். அன்றைக்கு மீட்டர் பின் சீட்டில் அழுதுகொண்டிருந்தது.

முதல் ஒயர் ‘கீ’ என்று கத்தியது. பலவேசம் அதைவிட ஓங்கிக் கத்தினான். கையில் கிரீஸோடு நமச்சிவாயம் அண்ணாச்சி வெளியே வந்து, யாரை அறுக்கிறீர்கள் என்று கேட்டார். இரண்டாவது ஒயர் விட்டு விட்டு ‘டப் டப்’ என்றது. பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். கிட்டத்தட்ட வந்துவிட்டது என்று நினைத்தேன். உதட்டைப் பிதுக்கினான், மறுபடி ஆரம்பித்துவிட்டான்.

மூன்றாவது ஒயரைச் சொருகி, சிவப்பு ஒயரோடு இரண்டு சுற்றுச் சுற்றி, சத்தம் ஏற்றும் திருகைக் கொஞ்சம் தூக்கினேன். ‘ம்ம்ம்ம்’ என்றது. மெதுவாக, ஒரே சீராக, சீட்டின் பஞ்சில் கை வைத்தால் மட்டும் தெரிகிற அதிர்வோடு. பலவேசம் ஒரு கேவல் கேவினான். அடுத்த கேவல் பாதியில் நின்றது. முறுக்கி வைத்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. தலை ஒரு பக்கம் சரிந்தது. நமச்சிவாயம் அண்ணாச்சி உள்ளே போனார். லேத் நிற்கிற சத்தம் கேட்டது. ஆர்டர் அவசரம் என்று காலையிலிருந்து என் உயிரை வாங்கிய மனிதர்.

எங்கள் தொழிலில் கோளாறு போனால் மட்டும் போதாது, ஏன் போனது என்று தெரிய வேண்டும். இல்லாவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. சீட்டின் ஓரத்தில் உட்கார்ந்து சுகன்யாவிடம் தணிந்த குரலில் கேட்டேன். அந்தக் கண்ணாடிப் பெட்டி சத்தம் போடுமா?

யோசித்தாள். பெட்டிக்கு அடியில் ஏதோ மிஷின் ஓடிக்கொண்டே இருக்கும், ராவும் பகலும் நிற்காது என்றாள். எப்படி ஓடும் என்றேன். உதட்டை மூடிக்கொண்டு செய்து காட்டினாள். அவள் செய்ததும் டிக்கியிலிருந்து வந்ததும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது. செய்யும்போதே அவளுக்கும் விளங்கிவிட்டது. பாதியில் நிறுத்திவிட்டாள்.

“அப்பம் அவனுக்கு அதுதான் அம்மா” என்றாள்.

எனக்கு வந்தது பாருங்கள் கோபம். யார் மேல் என்று இன்றைக்கும் தெரியவில்லை. சத்தம் போடவும் வழியில்லை, பிள்ளை எழுந்துவிடும். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு ரகசியம் பேசுகிற குரலில் திட்டினேன்.

“ஏட்டி, மிஷினு பால் குடுக்குமா? பீ துடைக்குமா? ஒரு பயலும் பழகுன எடத்த ஒரே நாள்ல விட மாட்டான். நாப்பத்தோரு நாளு பழகிருக்கான். நீ அவனுக்கு எத்தன நாளு குடுப்ப?”

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அலமாரியில், விளிம்பில் அளவுக் கோடு போட்ட ஒரு திருகு இருந்தது. பின்னால் இருக்கிற ஊஃபரின் சத்தத்தை ஓட்டுகிறவர் இருந்த இடத்திலிருந்தே கூட்டிக் குறைக்க முன்பக்கம் மாட்டுவது. அதை எடுத்து, ஒயரை நீட்டி, பின் சீட்டில் சுகன்யாவின் கைக்கு எட்டுகிற இடத்தில் கதவோரமாகப் பூட்டினேன். இந்தத் திருகை அங்கே கேட்ட ஆள் இதுவரை ஒருவரும் இல்லை. நாளைக்கு இந்த இடத்தில் இருக்கிற கோடு, அடுத்த நாள் அதைவிட ஒரு மயிரிழை கீழே, அவனுக்குத் தெரியாத அளவுக்கு மட்டும் இறக்கு என்றேன். ஒரு நாள் அழுதால் மறுபடி ஏற்று, தோற்றுப்போனதாக நினைக்காதே என்றேன். சீட்டில் படுக்க வைக்காதே, தென்திருப்பேரை போய்ச் சேர்ந்ததும் நிழலில் நிறுத்தி, இஞ்சினை ஓட விட்டு, கதவைத் திறந்து வைத்து மடியில் போட்டுக்கொள் என்றும் சொன்னேன். பேசிக்கொண்டே போனவள் திரும்பிப் பார்த்தால், சுகன்யா கதவில் தலையைச் சாய்த்து உறங்கிவிட்டிருந்தாள். கேட்டாளோ கேட்கவில்லையோ. பெருமாள்ராஜிடம் மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் அவன் போன் பண்ணிச் சொல்வான். ஒரு நாள் இரண்டு கோடு இறங்கியது என்பான். மறுநாள் சளி பிடித்திருக்கிறது, மூன்று கோடு ஏறிவிட்டது என்பான். கழுதை தேய்ந்து கட்டெறும்பாகிற வரைக்கும் காத்திரு என்பேன். நடுவில் பத்து நாள் போனே இல்லை. நானும் கேட்கவில்லை. கேட்டு, இல்லை என்று அவன் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பயமாக இருந்தது. என் கடையில் வேலை முடிந்து போன வண்டியைப் பற்றி நான் பயந்தது அதுதான் முதல் தடவை.

தை பிறந்து நான்கைந்து நாள் இருக்கும். மத்தியானம் பெருமாள்ராஜின் கார் வந்தது. அழுகைச் சத்தம் இல்லை. அவன் இஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி, வாய் நிறையச் சிரித்துக்கொண்டு என்னிடம் வந்தான்.

“யக்கா, அந்த மோசமான ஒயர மாத்திருங்க. பளைய மாதிரி சுத்தமா செஞ்சு தாங்க” என்றான்.

நான் கையைத் துடைத்துக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் போனேன். போனவள் அப்படியே நின்றுவிட்டேன். ‘ம்ம்ம்ம்’ என்று கேட்டது. சாவி அவன் கையில் இருக்கிறது, இஞ்சின் நின்றுவிட்டது, ஆம்ப்புக்கு மின்சாரமே கிடையாது. அப்புறம் இரைச்சல் எங்கிருந்து வருகிறது? எர்த்தைச் சரியாகத்தானே இறுக்கினேன்? பதினோரு வருட மானம் போகப்போகிறது என்று நினைத்துக்கொண்டு டிக்கியைத் திறந்து ஊஃபரின் மேல் உள்ளங்கையை வைத்தேன். அசைவே இல்லை. குனிந்து காதை வைத்தேன். அதில் ஒன்றும் இல்லை. ஆனால் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

பின் கதவைத் திறந்தேன். திருகு ஆகக் கீழான கோட்டில் நின்றது. சுகன்யா உதட்டை மூடிக்கொண்டு சீட்டில் சாய்ந்திருந்தாள், தலை சீவிப் பூ வைத்திருந்தாள். பலவேசம் அவள் நெஞ்சில் கன்னத்தை அழுத்தி, வாயைத் திறந்தபடி உறங்கிக்கொண்டிருந்தான். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். ஒரு கையை விரித்துக் காட்டி, மறுபடி மூன்று விரலைக் காட்டினாள். உனக்கு மூச்சு முட்டவில்லையா என்று கேட்டேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையை ஆட்டினாள். நான் கேட்டது எதற்கும் அவள் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் சத்தம் நின்றுவிடும், பிள்ளை எழுந்துவிடுவான்.